ஏழு இரண்டணாவும் ஒரு ஜோடிக் கண்மலரும்

பேட்டை,
திருநெல்வேலி.

மகா கனம் பொருந்திய மைத்துனர் திரு. சுடலைராஜ் அவர்கள் சமூகத்திற்கு, அத்தான் பெருமாள்ராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் அன்னத்தாயும் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டில் கொள்ளி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. போனில் பேசினால் அக்காள் காதில் விழும். ஆகவே தபால்காரருக்கு வேலை வைக்கிறேன்.

போன வருடம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் போதும். போகிற போக்கில் என் உள்ளங்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளி இரண்டணாவை வைத்து, உபதேசமும் செய்தீர்கள். "அத்தான், ஊரே ஒத்த ரூவாக் காசு பின்னால ஓடுது. ரெண்டணாவ ஒருத்தனும் திரும்பிப் பாக்கல, அதான் அதுல ருசி. ஜார்ஜ் ராசா தலை போட்ட வெள்ளி ரெண்டணா 1911ல இருந்து 1917 வரைக்கும் ஏழே வருசந்தான். நம்மள மாதிரி ஆளு முழுசாச் சேத்து முடிச்சிரலாம்." முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனிடம், எதையாவது முழுசாக முடிக்கலாம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. மயங்கிவிட்டேன்.

பொய் சொல்லக் கூடாது, ருசி இருக்கத்தான் செய்தது. ஒரு காசில் ராஜாவின் காது தேய்ந்து போயிருந்தது. இன்னொன்றை யாரோ ஜிப்பாப் பொத்தானாகப் போட்டிருக்கிறார்கள், முதுகில் ஈயம் வைத்த தழும்பு இருந்தது. எந்தச் சீமானும் பெட்டியில் பூட்டி வைக்காத காசு. நாலு பேர் கையில் புழங்கித் தேய்ந்த காசு. திசையன்விளைச் சந்தையில் ஒரு வியாபாரி, "ரூவாக் காசு பளபளன்னு கெடக்கு, அத எடும் அண்ணாச்சி. இந்தப் பொடிக்காச எவன் வே கேக்கான்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இரண்டு பஸ் மாறிப் போகலாம். ஆறு வருடத்துக் காசும் சேர்ந்துவிட்டது. 1911 மட்டும் அகப்படவில்லை. அந்த வருடத்துக் காசில் ராஜா அங்கியில் இருக்கும் யானை பார்வைக்குப் பன்றியைப் போல இருக்கிறது என்று ஜனங்கள் முணுமுணுத்து, மறு வருடமே திருத்திவிட்டார்களாம். கடைசியில் எங்கள் தெருமுனைப் பழைய பாத்திரக் கடை பீர் முகம்மது, உடைந்த கொலுசுக் குவியலுக்குள்ளிருந்து அதை எடுத்துத் தந்தார். பேரன் பிறந்த அன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகென்ன, ஒன்பது நாள் லென்ஸும் கையுமாக, யானையா பன்றியா என்று ராஜாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வடிந்தது. அதை உன் அக்காள் பார்த்துவிட்டாள். (இனி மரியாதை தாங்காது, நீ என்றே எழுதுகிறேன்.) கண் டாக்டரிடம் போகலாம் என்று சொன்னாளா? நேராக இசக்கியம்மன் முன்னால் போய் நின்று, என் கண் தெளிய வேண்டும் என்று வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். கடையில் விற்கிற கண்மலர் ஆகாதாம். நோயாளி புழங்கிய வெள்ளியை உருக்கித்தான் அம்மனுக்குக் கண் செய்ய வேண்டுமாம், உங்கள் வீட்டு வழக்கம். நோயாளி நான். நான் புழங்கிய வெள்ளி எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரேஷன் கடை வரிசையில் அரை நாள் நின்றுவிட்டு வந்து காசு டப்பாவைத் திறந்தால், சந்தையில் எவனோ என் தலையில் கட்டிய வெள்ளி ஒற்றை ரூபாய் இரண்டு மட்டும் மினுங்குகின்றன. அடுப்படியிலிருந்து உன் அக்காள் குரல் கொடுக்கிறாள்.

"பதறாதிய. பெரிய காசு ரெண்டையும் பத்திரமா வச்சிருக்கேன். அந்தக் கறுத்துப்போன பொடிச் சில்லறையத்தான் ஆசாரிட்ட உருக்கக் குடுத்தேன். சாத்தியும் ஆச்சி. இப்பம் கண்ணு எப்பிடி இருக்கு?"

கண்ணுக்கு என்ன, பிரமாதமாகத் தெளிந்துவிட்டது. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. ஊரே கவனிக்காத காசு என்று நீ சொன்னாயே, அதை என் வீட்டிலும் ஒருத்தி கவனிக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சுடலை. வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் தண்ணி வடியுதே, இன்னொரு சோடி நேந்துகிடட்டா?" என்கிறாள்.

ஆகவே இத்துடன் காசு என்ற பேச்சு இந்த வீட்டில் கிடையாது. வாட்ஸ்அப்பில் காசுப் படம் அனுப்பாதே. அடுத்த கொடைக்கு வந்தால் சட்டைப்பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவேன். உன் மனைவி பொன்செல்விக்கு எங்கள் ஆசி. உன்னைத் தவிர உன் வீட்டில் எல்லோரும் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
பெருமாள்ராஜ்.

பின்குறிப்பு: நான் தபால்தலை வாங்கப் போன நேரத்தில் உன் அக்காள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். மறுநாள் காலை அந்த ரூபாய் இரண்டையும் பீர் முகம்மதிடம் கொடுத்து, கிடந்த இரண்டணாவை எல்லாம் வாரி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். ஜார்ஜ் ராஜா காசு நாலு தேறியிருக்கிறது. "நீங்க பாத்தா கண்ணு போயிரும், நான் பாக்கேன்" என்று லென்ஸைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். காலையிலிருந்து உலை வைக்கவில்லை. 1911 எங்கேயாவது கண்ணில் பட்டால் உடனே வாங்கி, அவள் பெயருக்கே அனுப்பு. என் பெயருக்கு வந்தால் பிரிக்க விடமாட்டாள்.