குடத்தில் வந்த வெள்ளம்

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்குப் பக்கத்தில் படிக்காதவன் நிற்கவே முடியாது. இது எனக்கு இருபத்திரண்டு வயதில் தெரிந்துபோனது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். நாசரேத்தில் ட்ரெயினிங் முடித்த கையோடு, ஆலந்தலைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் ஆரம்பப் பள்ளி வேலை கிடைத்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லதாக எழுதினால்தான் வேலை நிரந்தரம். அவர் வருகிற அன்றைக்கு நான் நடத்த வேண்டிய பாடம், ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் முறைகள். என் மூன்றாம் வகுப்பில் ஆற்றைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

சும்மா சொன்னால் புரியுமா? பள்ளிக்கூட முற்றத்து மணலில் ஆறு தோண்டினேன். கரை கட்டினேன், மதகு வைத்தேன், கரை அரிக்காமலிருக்கப் புல் நட்டேன். (என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பாடுபடவில்லை.) வெள்ளத்துக்கு ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"கடல்ல மோந்துட்டு வரட்டா சார்?" என்றாள் முன்வரிசை அந்தோணியம்மாள்.

"ஏளா, ஆத்துல உப்புத் தண்ணியா ஓடும்? நல்ல தண்ணி கொண்டா."

பாடம் சுத்தமாக இருக்க வேண்டுமாம், இந்த வாத்தியார் துரைக்கு.

அந்த ஊரில் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஒரு மைல் நடந்து, ஊற்றில் சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்ப வேண்டும். எனக்கு அது தெரியும். என் குடத்தை யாரோ நிரப்பி வைத்துவிடுவதால் நினைப்பில் இல்லை, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் செம்போடு நின்றார்கள். அந்தோணியம்மாள் இடுப்பில் ஒரு முழுக் குடம். "ஊத்துங்கலே" என்றேன். ஊற்றினார்கள். மணல் அத்தனையையும் குடித்துவிட்டுப் பேசாமல் கிடந்தது. என் மதகு வரைக்கும் ஒரு சொட்டு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்தோணியம்மாளிடம் கேட்டார்: "வெள்ளம் வந்தா என்ன செய்யணும் பாப்பா?"

"வீட்டுல உள்ள குடத்தையெல்லாம் தூக்கிட்டு ஓடணும் சார், மோக்கதுக்கு."

அதற்குள் வாசலில் அவளுடைய சித்தி வந்து நின்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"வாத்தியாரே, எங்க அக்கா பிள்ள பெத்து அஞ்சு நாளாவுது. அவளுக்கு வெந்நி வைக்க வச்சிருந்த தண்ணி. இம்புட்டுப் பெரிய கடலு கெடக்க, ஒமக்கு இதுதான் கெடச்சுதா?"

அன்று சாயங்காலம் அந்தக் குடத்தை நானே தூக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போனேன். கோரி நிரப்ப ஒரு மணி நேரம் ஆனது. வருகிற வழியில் மணலில் கால் புதைந்து பாதியைச் சிந்தினேன். அரைக் குடத்தைச் சித்தி வாங்கிக்கொண்டாள்.

வேலை நிரந்தரமானது. 'பிள்ளைகள் ஆசிரியர் சொல்லைத் தட்டாதவர்கள்' என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். அந்த வரியை நினைத்தால் இன்னும் கூசுகிறது. தட்டியிருக்கக் கூடாதா அந்தப் பிள்ளை?

கல்யாணமான புதிதில் இதை வாய்தவறி என் பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது நான் ஒரு செம்பு தண்ணீர் கேட்டால் பேத்திகூட எழுந்திருக்கிறதற்கு முன்னால் கேட்கிறாள், "குடிக்கவா தாத்தா, பாடம் நடத்தவா?"