ஆம்பள விளக்கமும் என் கடைவாய்ப் பல்லும்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. அதுவும் இப்போது இல்லை என்பதால் முழு நலம் என்றே கொள்ளவும்.

நான் வாயைத் திறந்தாலே மகன் "அப்பா கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டார்" என்கிறான். உன் அண்ணி "பிளேடு போடாதீங்க" என்கிறாள். மருமகள் மரியாதை தெரிந்தவள், ஒன்றும் சொல்லாமல் தனிவீடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று மகனைக் கேட்டேன். "நீங்க பண்றதுக்கு இப்ப புதுசா ஒரு பேரே வந்திருக்குப்பா, ஆம்பள விளக்கம். விஷயம் தெரிஞ்ச பொம்பளைக்கே, தெரியாதவ மாதிரி சொல்லிக் குடுக்கிறது" என்றான். அந்தச் சொல்லை அவன் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதால், அதன் உண்மையான பொருளை மருமகளுக்கு அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினேன். மறுநாளே சாமான் கட்ட அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின.

அந்த நேரம் பார்த்துப் பல்வலி. மருமகள் பல் டாக்டர் ஆயிற்றே, அவளிடமே போனேன். நாற்காலியில் சாய்ந்ததும், பல்லுக்கு வேர் உண்டு, அசைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சின்னப் பெண், பதற்றத்தில் மறந்துவிடலாம் அல்லவா?

"வாயைத் திறங்க மாமா."

"திறந்துதானேம்மா இருக்கேன்."

"பேசாம திறங்க மாமா."

ஊசி போட்டாள். நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்று அப்போதும் சொன்னேன், 'ழுழுழு' என்றுதான் வந்தது. "பல்லு வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு மாமா" என்று தட்டில் காட்டினாள். இரண்டு நாள் பேசவே கூடாது என்று உத்தரவு வேறு.

முதல் நாள் எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். என் குரல் இல்லாமல் வீடு இவ்வளவு நன்றாக நடக்கிறதே என்று எனக்கு ஒரே வருத்தம். மறுநாள் மாலை மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேலையில் தனக்கு இருக்கும் சங்கடங்களையெல்லாம் கொட்டினாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "உங்ககிட்ட பேசினா மனசு லேசாகுது மாமா" என்றாள். அட்டைப்பெட்டிகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

இனி யாருக்கும் எதையும் விளக்குவதில்லை என்று முடிவுசெய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து என் அமைதியை நீயே பார். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் அண்ணன்

பி.கு.: ரயிலில்தானே வருவாய்? ஸ்டேஷன் மாஸ்டராக இருப்பவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ரயில் நன்றாக நின்ற பிறகே ஏற வேண்டும். ரயில் எப்படி நிற்கிறது என்பதைத் தனித்தாளில் படம் போட்டு இணைத்திருக்கிறேன். பின்பக்கமும் பார்.