நானே கேட்டாலும் சொல்லாதே

மணி நாலு முப்பத்தைந்து. ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். குமரவேலுக்கு ஓடிபி மட்டும்தான் பாக்கி.

"நம்பர் வந்திருக்கும் பாருங்கண்ணே," என்றான் அரசாங்க மனுக்களைப் போட்டுக்கொடுக்கும் மீசேவா மையத்து இர்பான். இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்த வாணியம்பாடிக்காரன், அதனால் தமிழிலேயே அவசரப்படுத்தினான்.

குமரவேல் தன் போனைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. லோன் வேணுமா, கார்டு வேணுமா என்று தினம் பத்துப் பேர் கூப்பிட்டுக் கழுத்தறுக்கிறார்களே என்று ஆதார், பேங்க், கம்பெனி ரிஜிஸ்டர் எல்லாவற்றிலும் மனைவி வசந்தகுமாரியின் நம்பரைக் கொடுத்துவைத்த புத்திசாலி அவர்.

வசந்தகுமாரிக்கோ அவருக்கு வேலை போனதே தெரியாது. மல்லாபூர் பம்ப் ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவை மூடி மூன்று வாரம் ஆகிறது. மனுஷன் இன்னமும் தினம் காலையில் லாலாகுடா வீட்டிலிருந்து டிபன் பாக்ஸோடு கிளம்பி, நாச்சாரத்தில் ஒரு பார்க் பெஞ்சில் எட்டு மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டுக் களைப்பாகத் திரும்புகிறார்.

வேலையிழந்தவர்களுக்கு அரசாங்கம் ஆறு மாதம் பாதிச் சம்பளம் தரும், வேறு வேலையும் பார்த்துக் கொடுக்கும் என்று பக்கத்து பெஞ்சுக்காரர் நேற்றுத்தான் சொன்னார். இன்றைக்குக் கடைசி நாள். அது மட்டும் கிடைத்துவிட்டால் கெட்ட செய்தியையும் நல்ல செய்தியையும் ஒரே மூச்சில் வீட்டில் சொல்லிவிடலாம். அந்தச் சந்தோஷத்தில் குமரவேலுக்குக் காலையிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார். "வசந்தா, உன் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லு."

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிறதைப் படிக்கிறேன், கேளுங்க," என்றாள் அவள். "யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே. இப்படிக்கு, குமரவேல்."

போன வருஷம் மோசடிக்காரர்களைப் பற்றி வகுப்பெடுத்து அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய சீட்டு அது. அவள் போனை வைத்துவிட்டாள். அந்த ஓடிபி காலாவதியானது.

இர்பான் இன்னொன்று அனுப்பினான். இந்தத் தடவை நானே பேசுகிறேன் என்று போனை வாங்கி, மரியாதையாக அக்கா என்று கூப்பிட்டு விஷயத்தை ஆரம்பித்தான். ஒருத்தன் போய் இப்போது இரண்டு பேராகிவிட்டார்கள், இது கும்பலேதான், சைபர் போலீசைக் கூப்பிடுகிறேன் என்று அவள் சொன்னதும் கையைச் சுட்டதுபோல் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

மணி நாலு நாற்பத்தெட்டு. வரிசையில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "டென்ஷன் நக்கோ பாய்," என்று கவலைப்படாதே என்கிற மாதிரி தோளைத் தட்டி, முகத்தைக் காட்டிப் பேசச் சொன்னார். குமரவேல் சுவரோரம் ஒட்டி நின்று வீடியோவில் கூப்பிட்டார்.

வசந்தகுமாரி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். இந்தக் காலத்தில் மூஞ்சியைக்கூட கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்களாம், ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் நம்புகிறேன் என்றாள்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஃபேக்டரிலதான். போனஸுக்கு நம்பர் கேக்கறாங்க."

சரியாக அந்த நேரம் பார்த்து மையத்து வாசலில் ஒரு வெங்காய வண்டி மைக்கில் கத்திக்கொண்டு போனது.

"என் புருஷன் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டார்," என்றாள் அவள் நிதானமாக. "நீங்க வேற யாரோ." திரை அணைந்தது.

ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம். குமரவேலுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போனஸ், பிஎஃப், ஆபீஸ் வேலை என்று அடுத்த பொய்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். எதுவும் தேறவில்லை. இர்பானைப் புதிதாக ஒரு ஓடிபி அனுப்பச் சொல்லிவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

"வசந்தா, நான் ஃபேக்டரில இல்ல. வேலை போயி மூணு வாரம் ஆச்சு. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பார்க்ல உக்காந்து தின்னுட்டு வந்தேன்." வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இப்பதான் என் புருஷன் பேசற மாதிரி இருக்கு," என்றாள் வசந்தகுமாரி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைசியாக வந்த ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

இர்பான் தட்டினான். நாலு ஐம்பத்தெட்டுக்குப் பக்கம் திறந்தது. ஆட்டோக்காரர் கைதட்டினார். குமரவேல் அழுகையும் சிரிப்புமாக எல்லோருக்கும் டீ சொன்னார்.

இர்பான் மட்டும் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான்.

"அண்ணே, உங்க பேர்ல பன்னெண்டு நாள் முன்னாடியே மனு ஏறி, சாங்ஷனும் ஆயிடுச்சு, போட்டது உங்க மனைவி, கீழ குறிப்புல எழுதியிருக்காங்க: 'அவருக்கு வேலை போன மெசேஜ் என் நம்பருக்குத்தான் வந்துச்சு, அது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது, அவரா சொல்ற வரைக்கும் தயவுசெய்து யாரும் சொல்லிடாதீங்க.'"