பதினாலாம் நம்பர் கம்பத்துப் பூச்சிகள்

கிராஸ்பெக்,
யார்க்‌ஷயர்.
பிப்ரவரி 27

அன்புள்ள பெரில் அக்காவுக்கு,

தம்பி கிளைவ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் இடது முழங்காலும் எதிர்வாசல் விளக்குக் கம்பமும் நலம். அங்கு ஸ்காட்லாந்து மலையில் நீயும் அத்தானும், உங்கள் வாசற்கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிற பனியும் நலமாயிருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கம்பளிக் காலுறையும், பனி தள்ளுகிற அந்தப் பெரிய மண்வாரியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் நன்றி. நன்றி சொல்ல இரண்டு மாதம் ஆனதற்குக் காரணம் இருக்கிறது, படித்தால் புரியும். ஆனால் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டாதே. அவர் வாயில் ரகசியம் தங்காது.

மண்வாரியை இந்த வாரமே திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். வருத்தப்படாதே. நவம்பரிலிருந்து இங்கே வெள்ளையாக ஒரு பொட்டுகூட விழவில்லை. மழை, பிறகு மழை, மழை இளைப்பாறுவதற்கு ஒரு தூறல், மறுபடி மழை. ஜனவரி மாதமே கொல்லையில் ரோஜா பூத்தது. உன் மண்வாரி இதுவரை செய்த ஒரே வேலை, சமையலறைக்குள் வந்த வெள்ளத்தை வந்த வழியே தள்ளியதுதான். அதையும் நன்றாகச் செய்தது, குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் பனி பார்ப்போர் சங்கத்தைப் பற்றி உனக்குத் தெரியும். போன தடவை ஃபோனில் சொன்னபோது, “பனிதானே வேணும், இங்க வந்து என் வாசலை வாருங்கடா” என்றாய். நாங்கள் ஐந்து பேர். தலைவர் நார்மன், செயலாளர் நான், தபாலாபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பெண்மணி டில்லி, அப்புறம் ஆக்ராய்ட் அண்ணன் தம்பி இருவர். அவர்கள் பிஸ்கட் தீர்ந்தால்தான் வாயைத் திறப்பார்கள். கூட்டம் என் முன்னறையில் நடக்கும். காரணம் என் அழகல்ல, எதிரே நிற்கிற பதினாலாம் நம்பர் விளக்குக் கம்பம். வானத்தைப் பார்த்தால் இருட்டில் ஒன்றும் தெரியாது, விளக்கு வெளிச்சத்தில்தான் முதல் பனி தெரியும். அதனால் இருட்டத் தொடங்கியதும் ஐந்து பேரும் டீக்கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பத்தைப் பார்ப்போம். நார்மன் ஒரு நாளைக்கு நான்கு தரம் வானிலைப் படங்களை அலசிவிட்டு, இன்னும் பத்து நாளில் பனி என்பார். பத்து நாள் கழித்தும் அது பத்து நாள் தள்ளித்தான் இருக்கும்.

நார்மனைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். முப்பத்தாறு வருஷம் வேதியியல் வாத்தியார், இப்போது எழுபத்தைந்து வயது. ஒரே மகள் கில்லியன் தெற்கே டெவன் கடற்கரையில் இருக்கிறாள். அப்பாவுக்கென்று கீழ்த்தளத்தில் ஒரு அறை கட்டி, பெயின்ட் அடித்து, மூன்று வருஷமாகக் கூப்பிடுகிறாள். இவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்கிறார்.

“அங்க வெறும் கடல்காத்தும்மா, பனியே கிடையாது. இந்தக் கம்பத்தடியில இன்னும் ஒரே ஒரு தடவை பனி விழுறதைப் பார்த்துட்டேன்னா போதும். மறுநாளே பெட்டியைக் கட்டிடுவேன்.”

இப்போது புரிகிறதா அக்கா? பனி விழுந்தால் நார்மன் போய்விடுவார். மௌரீன் என்னை விட்டுப் போய், நான் மனைவியில்லாமல் தனித்த அந்த முதல் குளிர்காலத்தில் நான் பேசியது ரேடியோவோடு மட்டும்தான், அதுவும் சண்டை. அப்போது, நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம் இந்த மனிதர் கதவைத் தட்டி, “உங்க ஜன்னல்லேருந்து அந்த விளக்கு நல்லாத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்றிலிருந்து தினமும் வருகிறார். என் டீ கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்கிறார். நான் பஸ் ஓட்டிய காலத்துக் கதைகளில் தேதி தப்பு என்று திருத்துகிறார். அவர் வர பத்து நிமிஷம் தாமதமானால் நான் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கத் தொடங்கிவிடுகிறேன். ஆகவே பனி பார்ப்போர் சங்கத்தின் செயலாளராகிய நான், ஐயோ பனி வந்துவிடக் கூடாதே என்று மூன்று வருஷமாக உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறேன். மேற்கே கடலிலிருந்து கிளம்பி வருகிற ஒவ்வொரு மழைமேகத்துக்கும் மனதாரக் கும்பிடு போடுகிறேன். வெளியே மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து உச்சுக்கொட்டுகிறேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி எனக்குச் சோதனை வந்தது. நான் தனியாக இருந்தேன், மணி ஐந்து இருக்கும். கம்பத்தைப் பார்க்கிறேன், விளக்கைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய்ச் சுழல்கிறது. என் கை நேரே திரைச்சீலைக்குப் போனது. இழுத்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் பதவி என்று ஒன்று இருக்கிறதே. முப்பத்தோரு வருஷம் ஒரு நிறுத்தத்தைக்கூட விடாமல் பஸ் ஓட்டியவன், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஃபோனை எடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் நான்கு பேரும் ஆஜர். நார்மன் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த கோலத்தில், வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். ஜன்னலில் மூக்கை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

“யோவ் கிளைவ், பனின்னா கீழ விழும். இது மேல போகுது பாரு. பூச்சிய்யா, பூச்சி.”

குளிர்கால விட்டில்பூச்சிகளாம். டிசம்பரில் குளிரே இல்லை என்றால் கூட்டமாகக் கிளம்பி வருமாம். டில்லி, “விடுங்க வாத்தியாரே, பாவம். பஸ் ஓட்டினப்பவும் எதிர்ல வர்றது எதுன்னு அவருக்குத் தெரிஞ்சதில்ல” என்றாள். நார்மன் சங்கத்து நோட்டைக் கேட்டு வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: “டிசம்பர் 9. செயலாளர் பூச்சியைக் கண்டார்.” எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன். அந்தப் பூச்சிகளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஜனவரியில் மழைத்தண்ணீர் இறங்கிக் கம்பத்து விளக்கு அணைந்து போனது. நமக்கு நல்லதுதானே என்று சும்மா இருந்தேன். நார்மன் இருப்பாரா? முதியவர்கள் இருட்டில் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று நகராட்சிக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டுவிட்டார். ஒரு ஆள் ஏணி வண்டியோடு வந்தான். அரைக்கைச் சட்டை போட்டிருந்தான், அவ்வளவு கடுங்குளிர்.

“யாருங்க ஆபத்துல இருக்கிறது?” என்றான்.

“நாங்க அஞ்சு பேரும்தான். தினமும் இருட்டுல தவிக்கிறோம்,” என்றார் நார்மன்.

“எங்க தவிக்கிறீங்க?”

“அதோ, அந்த சோபாவுல.”

அவன் சோபாவைப் பார்த்தான், பிஸ்கட் தட்டைப் பார்த்தான், ஏறி விளக்கை மாற்றினான். நல்ல பையன், டில்லி கொடுத்த இஞ்சி கேக்கைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் போட்டது கண்ணைப் பறிக்கிற வெள்ளை விளக்கு. அதில் ஒவ்வொரு மழைத்துளியும் பனியாய்த் தெரிய, அன்று சாயங்காலம் மட்டும் சின்ன ஆக்ராய்ட் மூன்று தரம் “வந்துருச்சு” என்று எழுந்து நின்றார். மூன்று தரமும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உண்மையில் நடுங்கிப்போனது பிப்ரவரியில்தான். எட்டாம் தேதி பனி என்று நார்மன் சொன்னார். பத்து நாள்தானே என்று இருந்தேன். ஆனால் இந்த முறை பத்து ஐந்தாகி, ஐந்து மூன்றாகிவிட்டது. ரேடியோக்காரனும் ஒத்து ஊதினான். டில்லி பனியில் அடைபட்டுக் கிடக்கப் போவதாக எண்ணிப் பதினோரு ரொட்டி வாங்கி வைத்தாள். நார்மன் பரணிலிருந்து கில்லியன் சின்ன வயதில் பனியில் சறுக்கிய பழைய சறுக்குவண்டியை இறக்கி, அடியில் மெழுகுவர்த்தி தேய்த்து வழவழப்பாக்கினார். ஏழாம் தேதி நான் அவர் வீட்டுக்குப் போனபோது, பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். சும்மா தூசி படாமல் இருக்கத்தான் என்றார். வாயில் வந்ததைச் சொல்லாமல், நீலத் தட்டில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எட்டாம் தேதி விடிந்தது. ஒன்பது டிகிரி, பனிக்கு ஆகாத சூடு. கொட்டோ கொட்டென்று மழை. மதியத்துக்குள் ஓடை கரையேறி எங்கள் தெருவுக்கே விருந்தாளியாக வந்துவிட்டது. என் சமையலறையில் முழங்கால் தண்ணீர், டில்லி வீட்டு வாசலில் இன்னும் மேலே. தெருமுனையில் நகராட்சி இறக்கிய மணல் மூட்டைகளைத் தூக்க ஐந்து கிழங்களுக்கும் முதுகு இல்லை. அப்போதுதான் நார்மன் அந்தச் சறுக்குவண்டியைக் கொண்டுவந்தார். மெழுகு தேய்த்த வண்டி சேற்றில் பறந்தது போ. நான் முன்னால் இழுக்க, அவர் பின்னால் தள்ள, இருபது மூட்டை டில்லி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி மூட்டையின்மேல் அவரே ஏறி உட்கார்ந்துகொண்டு, “இழுய்யா டிரைவர், நேரம் ஆச்சு” என்றார். இழுத்தேன். முழங்கால் அன்று போனதுதான். பதினோரு ரொட்டியும் தெருவுக்கே பசியாற்றின. டில்லியின் முன்யோசனையை இனி யாரும் கேலி செய்வதில்லை.

அன்று சாயங்காலம் நார்மன் என் அங்கியைப் போட்டுக்கொண்டு, நீ அனுப்பிய காலுறையை மாட்டிக்கொண்டு, கணப்பருகே உட்கார்ந்திருந்தார். கம்பத்தடியில் மழை பெய்துகொண்டே இருந்தது. “இந்த வருஷம் அவ்வளவுதான்யா. அடுத்த வருஷம் பாப்போம்,” என்றார். நான் பிஸ்கட் தேடுகிற சாக்கில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மறைப்பானேன், கண் கலங்கிவிட்டது. இந்த மழைக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்?

அதோடு நின்றிருந்தால் கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். முந்தாநாள் கில்லியன் எனக்கு ஃபோன் செய்தாள். “அங்கிள், அங்க பனி வருமா வராதா? அப்பா ரூமுக்குத் திரைச்சீலைகூடத் தெச்சுட்டேன். அவருக்குப் பிடிச்ச பச்சை” என்றாள். நல்ல பெண். குரலில் கோபமே இல்லை. இன்னும் வரலம்மா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தபோது, ஒரு பிள்ளையின் அப்பாவைத் திருடி என் சோபாவில் உட்கார வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. அதன்பிறகு டீயும் இறங்கவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு அவரிடம் நேராகச் சொல்லப் போகிறேன்: வாத்தியாரே, இனி இந்த ஊரில் பனி விழாது, காலம் மாறிவிட்டது, விழாததற்காகக் காத்திருந்து பெற்ற மகளை ஏங்க வைக்காதீர்கள், பெட்டியைக் கட்டுங்கள், ரயிலுக்கு நான் கொண்டுவந்து விடுகிறேன். நோட்டை மூடிவிடுவோம், சங்கத்தைக் கலைத்துவிடுவோம். நான்கு வருஷம் கிடைத்ததே பெரிது. கேட்காமல் கிடைத்த நண்பர், அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்றுகூட எனக்குத் தெரியவில்லை, மழைக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. அவர் முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல், கூரைமேல் ஏறிப் பனி தள்ள வேண்டாம். உங்கள் அடுப்பு அணையாமலும், குழாய் உறையாமலும், வாசல் என்றைக்காவது திறந்தும் இருக்கக் கடவுள் அருள் செய்யட்டும். மண்வாரி திங்கட்கிழமைத் தபாலில் வரும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
கிளைவ் ஆர்மிட்டேஜ்

பின்குறிப்பு: அக்கா, உறையை ஒட்டுவதற்குமுன் ஜன்னலைப் பார்த்தேன். மணி ஆறு, விளக்கு இப்போதுதான் எரியத் தொடங்கியது. விழுகிறது. சந்தேகமே இல்லை. பெரிது பெரிதாக, மெத்தென்று, அவசரமில்லாமல். இந்த முறை திரைச்சீலைப் பக்கம் கை போகவில்லை. கில்லியனை நினைத்து ஃபோனை எடுத்தேன். நார்மன் வந்தார். தொப்பியிலும் புருவத்திலும் வெள்ளையாய் ஒட்டியிருந்தது. ஜன்னல் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“யோவ் கிளைவ், பூச்சிய்யா,” என்றார்.

“வாத்தியாரே, கீழ விழுதே.”

“வயசான பூச்சி. மேல ஏற முடியல.”

டில்லி உள்ளே வந்து குடையை உதறினாள். கம்பளமெல்லாம் வெள்ளை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆமா, இன்னைக்குப் பூச்சி ஜாஸ்தி. குடையெல்லாம் பூச்சி,” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

நார்மன் நோட்டைக் கேட்கவில்லை, என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்: “பிப்ரவரி 27. செயலாளர் மறுபடியும் பூச்சியைக் கண்டார்.” பிறகு என் ஃபோனிலேயே கில்லியனைக் கூப்பிட்டு, ஜூன் மாதம் வந்து பச்சைத் திரைச்சீலையின் கீழ் சில மாதம் இருந்துவிட்டுப் போவதாகவும், நவம்பருக்குள் திரும்பியாக வேண்டும், சங்கத்தில் ஆள் பற்றாக்குறை என்றும் சொன்னார். அவள் என்ன சொன்னாளோ, வெகுநேரம் சிரித்தார்.

மேலே நான் முடிவு செய்ததாக எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மண்வாரியை அனுப்பவில்லை. இப்போதே வாசற்படி மறைந்துவிட்டது, காலையில் வாசலில் ஒரு அடிக்குப் பூச்சி வார வேண்டியிருக்கும்.