ஆரபி மீது ஒரு முறைப்பாடு

இராகலை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் நோய்நொடியின்றி இருக்க எங்கள் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். என் பெயர் ஆண்டியப்பன். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் வெளியீடான ‘ஒரு குடை, இரண்டு பேர்’ நாவலைப் பற்றி ஒரு முறைப்பாடு உண்டு. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் கோழியைத் துரத்திப் போய்ச் சறுக்கி விழுந்து, கால் முறிந்து, கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். தேவாரப் புத்தகம் கொண்டுவரும்படி மனைவி நாகலெட்சுமியிடம் சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடி போடாமல் எங்கள் மகள் லோஜினியின் மேசையில் கிடந்த தங்கள் நாவலைக் கொண்டுவந்துவிட்டாள். அட்டையில் இரண்டு பெண்பிள்ளைகள் ஒரே குடையில் நிற்கிறார்கள். “அக்கா தங்கச்சி கதை போல இருக்குங்க, வாசிங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு வழியில்லாமல் வாசித்தேன். கண்டியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆரபியும் தீபிகாவும் அக்கா தங்கை அல்ல, ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்பது மூன்றாம் அத்தியாயத்தில்தான் எனக்குப் புரிந்தது. புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஆனால் மழையில் நின்ற தீபிகாவுக்கு பஸ் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. திரும்ப எடுத்தேன்.

இப்போது முறைப்பாடு. அந்த ஆரபி என்ன பிள்ளை ஐயா? இரவல் வாங்கிய குடையை முறித்துவிட்டு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாளா? தீபிகா இராப்பகலாக வரைந்த படத்தைப் பார்த்து “இது மாடா, மலையா?” என்கிறாள். பெற்ற தாய் போன் எடுத்தால் பாதியில் வெட்டுகிறாள். அப்படிப்பட்டவளுக்குத் தீபிகா ஏன் உருகுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் இரண்டு பேரும் சேர்ந்துவிட வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தத் தங்கமான பிள்ளை ஆசைப்பட்டுவிட்டதே.

அடுத்தது பசை. தங்கள் பசை எங்கள் ஊர்க் குளிரைத் தாங்காது. புத்தகம் கட்டிலிலிருந்து விழுந்து ஐந்து துண்டாகப் பிரிந்தது. பொறுக்கிக் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு துண்டை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் துண்டுக்காரர் இரண்டாம் துண்டுக்காரரிடம் கதையைச் சொல்லிவிட்டு ஏச்சு வாங்கினார். வார்டு முழுவதும் ஆரபியைத் திட்டியது. பக்கத்துக் கட்டில் விஜிதரன் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் பூண்டுலோயாவில் மரக்கறி லொறி ஓட்டுபவர், ஹேர்னியாவுக்கு ஒப்பரேஷன் செய்துகொண்டவர். நான் நாலாம் துண்டை முடித்த அன்று, குணமாகிவிட்டதென்று அவருக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரோடு கடைசித் துண்டும் போய்விட்டது.

நான் வீடு வந்த மறுவாரமே ஊன்றுகோலை எடுத்தேன்.

“கட்டுக் காலோட எங்கங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் நாகலெட்சுமி.

“பூண்டுலோயாவுக்கு. ஒரு முடிவு தெரியணும்.”

டாக்டர் சொல்ல வேண்டிய முடிவு என்று நினைத்து அவளும் பதறிக்கொண்டு கூடவே வந்தாள். பஸ்ஸில்தான் உண்மையைச் சொன்னேன். என் ஊன்றுகோலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “சரி, அப்புறம் என்னாச்சு?” என்றாள். கதையைச் சொல்லச் சொல்ல முன் சீட்டுக்காரம்மா திரும்பி, “அந்த ஆரபிய கண்டிக்க வீட்டுல ஆளே இல்லையாங்க?” என்று கேட்டார்.

விஜிதரன் எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். “திருடணும்னு எடுக்கலண்ணே. நீங்க எல்லாரும் அந்தப் புள்ளய திட்டுறப்போ எனக்கு எம் மக சர்மிளா ஞாபகமாவே இருந்துச்சு. அவளும் இப்படித்தான். மன்னிப்புக் கேக்க மாட்டா, எடுத்தெறிஞ்சுதான் பேசுவா. கொழும்புல ஒரு பொம்பளப் புள்ளையோட இருக்கா. கூட்டாளின்னு நெனச்சிருந்தோம். மாப்பிள்ள பாக்குறப்போதான் விஷயத்த சொன்னா. இனி இந்த வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிட்டேன். ரெண்டு வருசமாச்சு.”

நாகலெட்சுமிதான் கேட்டாள், “இப்பயும் பேசுறதில்லையாங்க?”

“முந்தாநாள் போன் போட்டேன். என்ன பேசுறதுன்னு தெரியல. இந்தத் துண்ட எடுத்து ரெண்டு பக்கம் வாசிச்சேன்.”

“என்ன சொன்னா?”

“நீங்க வாசிக்கிறது சகிக்கலன்னா.” அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்புறம், மிச்சத்தையும் வாசிங்கன்னா.”

அவர் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்தோம். தூள் நல்ல தூள், கொதிக்கவிட்டது அதிகம். அதை நான் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. நாகலெட்சுமி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கால் வலித்தது, ஆனாலும் நெடுநாளைக்குப் பிறகு மனம் நிறைந்திருந்தது.

ஆகவே, தங்கள் நாவல் மிக நல்ல நாவல், முடிவு மிகவும் பொருத்தமான முடிவு என்று பாராட்டுகிறேன். அடுத்த பதிப்பில் ஆரபியை ஓரிடத்திலாவது மன்னிப்புக் கேட்க வைக்கும்படி எழுத்தாளரிடம் சொல்லவும். நல்ல பசை வாங்கவும். தாங்கள் பதிப்பிக்கும் புத்தகமெல்லாம் விற்று, பிள்ளைகுட்டிகளோடு பல்லாண்டு வாழ மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன். நாகலெட்சுமியும் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

இங்ஙனம்,
மு. ஆண்டியப்பன்

பி.கு.: ஆரபி மன்னிப்புக் கேட்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அத்துடன், முடிவு பொருத்தமானது என்று மேலே எழுதியது வாசித்து எழுதியதல்ல. விஜிதரன் மகளுக்கு நாளுக்கு இரண்டு பக்கமாக இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார். அதைப் பிடுங்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை. லோஜினியோ, புத்தகத்தைக் கிழித்த கோபத்தில் முடிவைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஆகவே இரண்டு பேரும் சேர்ந்தார்களா என்று தாங்கள் ஒரு வரி எழுதவும். தபாலட்டையில் எழுதாமல் உறையில் இட்டு ஒட்டி அனுப்பவும். எங்கள் தபால்காரர் இப்போதுதான் இரண்டாம் துண்டில் இருக்கிறார்.