வாயை மூடும் படிப்பு

அழகும் அறிவும் போட்டி போட்டு வளரும் என் அருமை மருமகளுக்கு, சமுதாயக் கல்லூரியின் முதுபெரும் மாணவனும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் மூட்டை மூட்டையாக ஆசிகளைக் கட்டி அனுப்பி எழுதுவது. நான் நலம், உன் அத்தை என்னைவிட நலம். நீயும் நலமாக இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் வகுப்பறை உதவியாளர் படிப்பில் என்னைப் பிடித்துத் தள்ளியவளே நீதான்.

"மாமாவுக்குப் பேச்சு நின்னு போச்சுடி" என்று உன் அம்மா உன்னிடம் போனில் அழுதாளாமே, அது சுத்தப் பொய். அது வீட்டுப்பாடம்! பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால், அது யோசித்துப் பதில் சொல்லும்வரை உதவியாளர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இது சின்னப் பாடம். பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் ஆயுள் முழுக்க அலறியும் ஒருவரிடமிருந்தும் பதில் வாங்கிப் பழகாத எனக்கு, இது கடலைக் குடிக்கச் சொன்ன மாதிரி. சரி, வீட்டில் பழகலாம் என்று உன் அத்தையிடம் "குடை எங்கே?" என்று கேட்டுவிட்டுக் கண் கொட்டாமல் நின்றேன். "கையிலதானே இருக்கு? ஏன் முறைக்கிறீங்க? ஐயோ, வாய் கோணுதே!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டு வந்துவிட்டது. நான் அடக்கியது சிரிப்பை, மருமகளே! அதோடு விட்டேனா? முடிதிருத்துபவரிடம் போய், "என் முகத்துக்கு எது எடுப்பா இருக்கும்?" என்று கேட்டுக் காத்திருந்தேன். யோசித்தார். கத்தியை எடுத்தார். அவர் சிந்தனையைக் கலைக்கலாமா? "இப்படித்தான் சார்" என்று அவர் பதில் சொன்னபோது, யானைத் தும்பிக்கைக்கே சவால் விட்ட என் மீசை தரையில் கிடந்தது.

நேற்று செய்முறைத் தேர்வு. தோற்றால் உன் அப்பாவின் பெயின்ட் கடையில் உட்கார்ந்து, வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்லியே என் காலம் கழியும். "கல்லாவுல உட்கார ஆள் இல்லாமத்தான் இருக்கு மச்சான்" என்று இப்போதே ஆள் அனுப்புகிறார். பள்ளியில் ஒரு ரெட்டைச்சடைக்காரியின் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். பின்னால் தேர்வாளர் அம்மா. "எட்டு பென்சில்ல மூணு போனா மிச்சம் எத்தனைம்மா?" என்று கேட்டு வாயைப் பூட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், மலைகள் தேய்ந்தன, நதிகள் வற்றின, பதில் என் தொண்டைவரை ஏறிவந்து பல்லைத் தட்டியது. கடைசியில் அவள், "தாத்தா, உங்களுக்கும் தெரியாதா? பாவம், அழாதீங்க, நான் சொல்லித் தரேன்" என்று பென்சில்களைப் பரப்பி, என் விரலைப் பிடித்து எண்ணவைத்து, "அஞ்சு!" என்று கத்தினாள். தேர்வாளர் அம்மா ஏதோ எழுதிக்கொண்டு சிரித்தார். அது எந்த வகைச் சிரிப்பு என்றுதான் புரியவில்லை. முடிவை இன்று போனில் சொல்வாராம்.

எதுவானாலும் மௌனம் எனக்குக் கைவந்துவிட்டது, மருமகளே! மலைக்குகை முனிவர்கள் இனி என்னிடம் டியூஷன் படிக்கலாம். நீ நூறாண்டு சிரித்து வாழ்க, உன் அம்மா அழாமல் வாழ்க, உன் அப்பா வேறு ஆள் பார்த்துக்கொண்டு வாழ்க.

இப்படிக்கு,
பேசா மாமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போதே தேர்வாளர் அம்மா கூப்பிட்டுவிட்டார். "சார், நீங்க" என்று தொடங்கினார். என் மௌனத்தின் பெருமையை நான் ஆதியோடு அந்தமாக விளக்கி முடித்தபோது, மறுமுனையில் யாரும் இல்லை. தயவுசெய்து நீயே போன் செய்து, நான் பாஸா ஃபெயிலா என்று கேட்டுச் சொல்.