நூற்று முப்பத்தெட்டு கல்லறைகளும் இன்னாசியின் புரோகிராமும்

இன்னாசிக்கு இடுப்பு வலி வருவது வருடத்தில் ஒரே தடவை. அக்டோபர் கடைசி வாரம்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குள் கல்லறைகளைச் சுற்றிப் புல் செதுக்கி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, எழுத்துகளுக்குக் கறுப்பு மை பூச வேண்டும். ஆவூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் அது வீட்டுக்கு ஓர் ஆள் வேலை. இன்னாசி வீட்டில் இருப்பதே இரண்டு ஆள். அவருக்கு இடுப்பு வலி. போனது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

முப்பத்தாறு வருடம் அந்த இடுப்பை நம்பிய மாதிரியே இருந்தாள் மனைவி சந்தனமேரி. இந்த வருடம் செப்டம்பரிலேயே தைலம் வாங்கி வைத்துவிட்டாள். இன்னாசிக்குப் புரிந்துவிட்டது. இடுப்பு இனிமேல் செல்லாது. வேறு பார்க்கவேண்டும்.

பங்குப்பேரவைக் கூட்டத்தில் வழி கிடைத்தது. போன வருடம் ஒரு தகராறு. மூன்று வருடமாக ஒரு குடும்பம் அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தி அழுதுகொண்டிருந்திருக்கிறது. அதனால் எல்லாக் கல்லறைக்கும் எண் போடவேண்டும் என்றார் பங்குச்சாமியார். முதல் வரிசையில் ஆறு வெள்ளைக்காரச் சாமியார்கள். அவர்களுக்கு ரோமன் எண் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சமும் அப்படியே இருந்தால் பார்வையாக இருக்கும். மொத்தம் நூற்று முப்பத்தெட்டு. பட்டியல் யார் எழுதித் தருவது?

இன்னாசி எழுந்தார். எழுதவே வேண்டாம், புரோகிராம் போட்டுத் தருகிறேன் என்றார். நம்பரைக் கொடுத்தால் ரோமன் வரும். மனுசன் எழுதினால் தப்பு வரும், மிஷின் எழுதினால் வராது.

டெலிபோன் இலாகாவில் கம்பம் ஏறி ரிட்டயர் ஆனவர். மகள் ஷர்லி விட்டுப்போன பழைய லேப்டாப்பில் வீடியோ பார்த்து ஆறு மாதமாகப் பைத்தான் படிக்கிறார். ஊர் வாய்பிளந்தது. சந்தனமேரி மட்டும், ஒரு மணி நேரத்தில் கையாலேயே எழுதிவிடலாமே என்றாள். அது கோயில் வேலை, தொந்தரவு பண்ணாதே என்றுவிட்டார்.

பிறகு ராஜபோகம். நாற்காலி, ஃபேன், இரண்டு மணிக்கொரு காபி. ரேஷன் கடைக்கும் போகவில்லை. எட்டாம் நாள் புரோகிராம் ஓடியது. சாமியாருக்குப் போன் போட்டார். பட்டியல் தயார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தருகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். வரிசை முக்கியம். மாற்றிச் செய்திருந்தால் பிழைத்திருப்பார்.

"என்னங்க இது, நாலுக்கு நாலு குச்சி நட்டு வச்சிருக்கீங்க?"

"நாலுன்னா நாலு குச்சிதான். மிஷின் பொய் சொல்லாது."

"நம்ம சொல்லிக் குடுத்ததைத்தான அது சொல்லும்? நாலாவது சாமியார் கல்லறைக்கு வருசா வருசம் மை வைக்கிறவ நான். ஒரு குச்சி, பக்கத்துல ஒரு கவட்டை. அம்புட்டுதான். ஒம்பதுக்குக் கவட்டைக்குப் பதிலா பெருக்கல் குறி. சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குள்ள வந்து நின்னிருந்தா செவத்துல பதினாலு படத்துக்கு மேலயும் பாத்திருப்பீங்க. நீங்கதான் வெளியவே நிப்பீகளே."

இன்னாசி மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு நாள் முட்டினார். நாலைச் சரிபண்ணினால் பதினாலு கோணிக்கொண்டது. பதினாலை நிமிர்த்தினால் நாற்பது சாய்ந்தது. ஷர்லியைக் கேட்கலாம். கேட்டால் அவள் சென்னை ஆபீஸே சிரிக்கும். சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. மறுநாள் காலை ஊர் முன்னால் நிற்கவேண்டும்.

சந்தனமேரி வெங்காயம் உரித்துக்கொண்டே, அது எப்படித்தான் கணக்குப் போடுகிறது என்று கேட்டாள். சொன்னார். முதலில் நூறைக் கழிக்கும், பிறகு ஐம்பது, பத்து, ஐந்து, ஒன்று. பெரியவர் முதலில், சின்னவர் பின்னால்.

"பந்தி மாதிரின்னு சொல்லுங்க. பந்திக்குச் சம்பந்தி வந்தா கூட்டத்துலயா நிக்க விடுறோம்? அவுகளுக்குன்னு தனி எலை போடுறோம்ல. நாலும் ஒம்பதும் சம்பந்தி. நாப்பதும் தொண்ணூறும் அவுகளோட வந்தவுக. தனி எலை போட்டு நடுவுல உக்கார வைங்க."

இன்னாசி அவளையே பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். வரிசையில் நாலே வரி சேர்த்தார். நூறுக்குக் கீழே தொண்ணூறு, ஐம்பதுக்குக் கீழே நாற்பது, பத்துக்குக் கீழே ஒன்பது, ஐந்துக்குக் கீழே நாலு. ஓட்டினார். ஒன்றிலிருந்து நூற்று முப்பத்தெட்டு வரை தண்ணீர் மாதிரி ஓடியது.

முப்பத்தாறு வருடத்தில் இந்த மனுஷிக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக ஞாபகமில்லை. இன்று சொன்னார்.

"மேரி, நீ இல்லாட்டி நாளைக்கு எம் மானம் போயிருக்கும். என்ன வேணும்னு கேளு. செய்றேன்."

"ஒண்ணும் வேணாங்க. மனசாரச் சொன்னீகளே, போதும்."

அன்று காபித் தம்ளரை அவரே கழுவினார்.

மறுநாள் பூசை முடிந்து சாமியார் பட்டியலைத் தூக்கிக் காட்டினார். ஒற்றை ஆளாக இன்னாசி செய்தது என்றார். பெண்கள் பக்கம் சந்தனமேரி வாய் திறக்கவில்லை. நாலு குச்சி விஷயம் அவளோடு போயிற்று. நாமும் ஒரு தடவை கொடுத்துவைத்தவன்தான் என்று இன்னாசி உருகிக்கொண்டிருந்தபோது சாமியார் தொடர்ந்தார்.

"எழுதுற ஆள் ஒரு குச்சி கூடப் போட்டாலும் ஆள் மாறிப்போகும். அதனால இடுப்பு வலியையும் பாக்காம, நூத்தி முப்பத்தெட்டையும் இன்னாசியே தன் கையால எழுதித் தாராராம். சந்தனமேரியம்மா நேத்து சாயந்தரம் வந்து சொல்லிட்டுப் போனாங்க."

கைதட்டல் கோயிலை நிறைத்தது. இன்னாசி திரும்பி அவளைப் பார்த்தார். அவள் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு பக்தி.

மறுக்கலாம். மறுத்தால் நாலு குச்சி வெளியே வரும். வாக்குக் கொடுத்ததும் பொய்யில்லை. அவரும் கையைத் தட்டினார்.

திங்கள், செவ்வாய் போயிற்று. புதன்கிழமை காலை சந்தனமேரி வேப்பமர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பட்டியல், பக்கத்தில் பிளாஸ்க்கில் காபி. வெயிலில் இன்னாசி ஒரு கையில் மை டப்பாவும் ஒரு கையில் பிரஷ்ஷுமாக நிமிர்ந்தார். இடுப்பு இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது.

"அடுத்தது எம்பத்தெட்டு" என்றாள். "மொத்தம் எட்டு எழுத்து. நல்லாக் குனிங்க."